முன்பல்தானே, ஒரே ஓட்டைதானே?

கேள்வி, 3 பிப்ரவரி 2023

மகளுக்கு 14 வயது. மேல் வரிசையில் நடு இரண்டு பல்லுக்கு அடுத்த பல், வலது பக்கம். சொத்தை கிடையாது, விழுந்து அடிபட்டதும் கிடையாது. ஆனால் மூன்று மாதமாக அந்தப் பல்லுக்கு மேலே ஈறில் சின்னக் கொப்புளம் வருகிறது, உடைகிறது, திரும்ப வருகிறது. காட்டிய இடத்தில் எக்ஸ்ரே எடுத்துவிட்டு "பல்லுக்குள்ளே இன்னொரு பல் இருக்கு, எடுத்துடலாம், பெரியவளானதும் கட்டுப்பல் வச்சுக்கலாம்" என்கிறார்கள். சீட்டில் 12-வது பல் என்று எழுதியிருக்கிறது, எப்படி எண்ணினாலும் அது 12-வதாக வரவில்லை. முன்பல்லுக்கு ஒரே வேர், அதற்குள் ஒரே ஓட்டைதானே? ரூட் கேனால் செய்தால் தீராதா? நாங்கள் பள்ளத்தூர்.

பதில், 3 பிப்ரவரி, இரவு

எடுக்காதீர்கள். மற்றதை நாளை எழுதுகிறேன், இன்று என் பல் கிளினிக்கைச் சாத்தவே ஒன்பதரை ஆகிவிட்டது.

4 பிப்ரவரி

சரி, முதலில் அந்த 12. அது பன்னிரண்டு இல்லை, ஒன்று-இரண்டு. வாயை நாலு தெருவாகப் பிரித்திருக்கிறார்கள். நோயாளியின் வலது மேல் 1, இடது மேல் 2, இடது கீழ் 3, வலது கீழ் 4. ஒவ்வொரு தெருவிலும் நடுக்கோட்டிலிருந்து கதவு எண் ஆரம்பிக்கும். 12 என்றால் முதல் தெருவில் இரண்டாவது வீடு. ஒரு ஐயா என்னிடம் சீட்டைத் திருப்பிக் கொடுத்து, "36 பல் சொத்தைன்னு எழுதியிருக்கீங்க, எனக்கு இருக்கறதே 19தானே" என்றார். அவருக்குச் சொன்ன விளக்கம்தான் இது.

அடுத்து, பல்லுக்குள் பல். கேட்கப் பயமாக இருக்கும், ஆனால் உள்ளே இன்னொரு பல் முளைக்கவில்லை. கொழுக்கட்டைக்குச் சொப்பு செய்யும்போது மாவு உருண்டையில் கட்டை விரலை வைத்து அழுத்துகிறோம் இல்லையா, அது போலத்தான். பல் கெட்டியாவதற்கு முன்னால், தாடைக்குள் மொட்டாக இருக்கும்போதே அதன் வெளித்தோல் உள்பக்கமாக மடிந்து இறங்கிவிடுகிறது. பிறகு எல்லாம் கெட்டிப்படுகிறது. வெளியே இருக்க வேண்டிய எனாமல் உள்ளே ஒரு பையாக நிற்கிறது. எனாமல் எக்ஸ்ரேயில் வெள்ளையாக விழும், அதனால் பல்லுக்குள் குட்டிப் பல் உட்கார்ந்திருப்பது போலத் தெரியும். இது அதிகம் வருவது உங்கள் மகளுக்கு வந்திருக்கும் அதே பல்லில்தான், மேல் லேட்டரல்.

அந்தப் பையின் வாய் பல்லின் பின்பக்கத்தில், நாக்கு தொடும் இடத்தில், ஊசி முனை அளவுக்குத் திறந்திருக்கும். அதன் வழியாக எச்சிலும் கிருமியும் இறங்கும், எந்த பிரஷ்ஷும் அங்கே எட்டாது. பையின் அடியில் எனாமல் மெலிந்திருக்கும், சில பல்லில் இருக்கவே இருக்காது. ஆகவே வெளியே சொத்தை ஒரு பொட்டுக்கூட இல்லாமல் உள்ளே சீழ் பிடிக்கும். நீங்கள் விவரித்திருப்பது அப்படியே இதுதான்.

ஊலர்ஸ் என்பவர் 1957-இல் இதை மூன்று வகையாகப் பிரித்தார், இன்றும் அதைத்தான் சொல்கிறோம். பை பல்லின் தலையோடு நின்றுவிட்டால் முதல் வகை. வேருக்குள் இறங்கி முட்டுச்சந்தாக நின்றால் இரண்டாவது. வேரைத் துளைத்துக்கொண்டு பக்கவாட்டிலோ நுனியிலோ எலும்புக்குள் தனி வாசல் வைத்துக்கொண்டால் மூன்றாவது. எதுவாக இருந்தாலும் ரூட் கேனால் செய்து (வேருக்குள் ஓடும் நரம்புக் குழாயான கேனாலைச் சுத்தம் செய்து அடைத்து) காப்பாற்றப் பார்க்கலாம், 14 வயதில் முன்பல்லை எடுப்பது கடைசி யோசனையாக இருக்கட்டும்.

5 பிப்ரவரி, காலை

நேற்று எழுதியதில் கடைசி வரியை வாபஸ் வாங்குகிறேன். "எதுவாக இருந்தாலும் ரூட் கேனால்" என்று எழுதியது தப்பு. தூக்கக் கலக்கம் என்று சொல்லலாம், ஆனால் இருபது வருடப் பழக்கதோஷம் என்பதே நிஜம்.

மூன்றாவது வகையில் பெரும்பாலும் பைக்கும் பல்லின் நரம்புக்கும் சம்பந்தம் இருக்காது. நாம் நரம்பு என்று சொல்வது ரத்தக் குழாயும் சதையும் நரம்பும் சேர்ந்த ஒரு கூழ். அது தன்பாட்டுக்கு உயிரோடு இருக்கும், சீழ் வருவது பையிலிருந்து. அப்படியானால் பையை மட்டும் சுத்தம் செய்து அடைக்க வேண்டும், நரம்பைத் தொடக் கூடாது. ஒரே வளவில் இரண்டு குடித்தனம், ஒரு வீட்டில் தீப்பிடித்தால் இரண்டு வீட்டையும் இடிக்க வேண்டியதில்லை.

எப்படிக் கண்டுபிடிப்பது? முதல் சோதனை எளிது. குளிர்ச்சி வைத்துப் பார்ப்பது. பஞ்சில் குளிர் ஸ்ப்ரே அடித்து முதலில் பக்கத்து நல்ல பல்லில் வைப்பார்கள், பிறகு இந்தப் பல்லில். உடனே கூசி, எடுத்ததும் நின்றுவிட்டால் நரம்பு உயிரோடு இருக்கிறது என்று ஓரளவு நம்பலாம். அடுத்தது சிபிசிடி ஸ்கேன். சாதா எக்ஸ்ரே நிழல்தான், இது பல்லைத் துண்டு துண்டாக வெட்டி எல்லாப் பக்கமும் காட்டும். இந்த மாதிரிப் பல்லுக்கு அது இல்லாமல் கை வைப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றில் இறங்குவது. பல் வேர் சிகிச்சையை மட்டும் பார்க்கும் நிபுணரிடம் போங்கள், மதுரையோ திருச்சியோ. என்னிடம் வந்தாலும் நான் அனுப்பத்தான் போகிறேன்.

இடையில் முகம் வீங்கினாலோ, காய்ச்சலோ, விழுங்கச் சிரமமோ வந்தால் அப்பாயிண்ட்மெண்ட்டுக்குக் காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

7 பிப்ரவரி

கீழே இரண்டு பேர் "லேட்டரல் விதிவிலக்கு, மற்ற முன்பல் எல்லாம் சுலபம்தானே" என்று எழுதியிருக்கிறார்கள். அதில் ஒருவர் பல் மருத்துவம் கடைசி வருடம் படிக்கும் தம்பி போலிருக்கிறது. தம்பி, உனக்காகவே இதை எழுதுகிறேன், இதை நான் வெளியே அதிகம் சொன்னதில்லை.

நான் 2003-இல் காரைக்குடியில் கிளினிக் போட்டேன். முதல் ஐந்து வருடம் முன்பல் கேஸ் வந்தால் சந்தோஷம். கடைவாய் என்றால் மூன்று, நாலு கேனால் தேட வேண்டும், வாய் திறக்காது, நாக்கு குறுக்கே வரும். முன்பல் என்றால் வெளிச்சம் நேரே விழும், ஒரு கேனால், வேலை முடிந்தது. 2008-இல் கோட்டையூர் அயித்தைக்குக் கீழ் முன்பல்லில் வலி, பல் எண் 41. எங்கள் அப்பச்சியின், அதாவது அப்பாவின், தங்கை, என்னைத் தூக்கி வளர்த்தவர். வேறு இடத்துக்குப் போவாரா?

அப்போது என்னிடம் டிஜிட்டல் எக்ஸ்ரே இல்லை. கருப்புப் பெட்டிக்குள் இரண்டு கையையும் விட்டு, ஃபிலிமை டெவலப்பரில் முக்கி, தண்ணீரில் அலசி, ஃபிக்ஸரில் போட்டு, ஈரம் சொட்டச் சொட்ட டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். விரலில் அந்தப் புளித்த வாடை இரண்டு நாள் போகாது. பல்லுக்குள் ஃபைலை (கேனாலைச் சுரண்டும் மெல்லிய ஊசி) விட்டு நீளம் பார்க்க ஒரு ஃபிலிம் எடுத்தேன். எடுக்கும் நேரத்தில் அயித்தை வாசலில் யார் வந்தது என்று தலையைத் திருப்பிவிட்டார். படம் கோணலாக விழுந்தது, ஃபைல் வேரின் நடுவில் இல்லாமல் ஒரு ஓரமாக ஒட்டிக்கொண்டு நின்றது. "ஆடாதீங்க அயித்தை" என்று சொல்லி, அதைக் குப்பையில் போட்டுவிட்டு இன்னொன்று எடுத்தேன். இது நேராக வந்தது. ஃபைல் கச்சிதமாக நடுவில். அடைத்து, கேப் போட்டு அனுப்பினேன்.

எட்டு மாதம் அயித்தை அந்தப் பக்கம் கடிக்க முடியவில்லை என்றார். நான் தட்டிப் பார்த்தேன், படம் எடுத்துப் பார்த்தேன், எல்லாம் அழகாக இருந்தது. "அது நினைப்புதான் அயித்தை, போகப் போகச் சரியாயிடும்" என்றேன். இந்த வார்த்தையை நினைத்தால் இன்னமும் கூசுகிறது. அவர் மகனோடு மதுரைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் காட்டியிருக்கிறார். திரும்பி வந்து கோபமே இல்லாமல், ஊறுகாய் ஜாடியை மேஜையில் வைத்துக்கொண்டே, "ஏப்பா, அதுல இன்னொரு ஓட்டை இருந்துச்சாம்ல" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அந்தக் கோணல் படம் உண்மையைச் சொன்னது. நேரான படம்தான் பொய். கீழ் முன்பல்லை முன்னாலிருந்து பார்த்தால் குச்சி மாதிரி ஒல்லி, ஆனால் உதட்டுப் பக்கத்திலிருந்து நாக்குப் பக்கம் வரை நல்ல ஆழம். நம் ஊர் வீட்டைத் தெருவில் நின்று பார்த்தால் முகப்பு மட்டும்தானே தெரிகிறது, உள்ளே கட்டு கட்டாகப் போய்ப் பின்தெருவில் முடிவது தெரியாதே, அப்படி. அந்த ஆழத்தில் ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு கேனால் இருக்கலாம். நேராகப் படம் எடுத்தால் ஒன்று மற்றதை மறைக்கும்.

வளவில் வரிசையாக நிற்கும் தூணை நேரே நின்று பார், ஒரே தூண். ஒரு அடி தள்ளி நின்று பார், இரண்டு மூன்று தெரியும். நீ எந்தப் பக்கம் நகர்கிறாயோ அந்தப் பக்கமே நகர்வது போலத் தெரிவது பின்னால் இருக்கும் தூண், எதிர்ப்பக்கம் போவது முன்னால் இருப்பது. எக்ஸ்ரே குழாயைப் பக்கவாட்டில் கொஞ்சம் திருப்பி எடுத்தால் பல்லிலும் இதே கணக்குதான், பரீட்சைக்கு மனப்பாடம் செய்த அந்த நாலெழுத்து SLOB விதி இதுதான் தம்பி. திருப்பி எடுத்த படத்தில் ஃபைல் வேரின் நடுவில் இல்லாவிட்டால் காலியாக இருக்கும் பக்கத்தில் இன்னொருத்தர் குடியிருக்கிறார். இதுபோக, கேனாலின் கறுப்புக் கோடு பாதி வேர் வரை தெளிவாக வந்து திடீரென்று மங்கினால் அங்கே இரண்டாகப் பிரிகிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

8 பிப்ரவரி

எத்தனை பேருக்கு இப்படி என்று கேட்டதற்கு நேற்றிரவு ஒரு பதிலில் "கீழ் முன்பல்லில் ஐந்தில் இரண்டுக்கு இரண்டு வேர் நுனி வாசல்" என்று எழுதிவிட்டேன். திருத்தம். 1974-இல் பெஞ்சமின், டௌசன் என்ற இருவர் கீழ் முன்பற்களைப் படம் பிடித்துப் பார்த்ததில் 41.4 சதவீதத்தில் இரண்டு கேனால். ஆனால் இரண்டும் கடைசி வரை சேராமல் தனித்தனி வாசலில் முடிந்தது 1.3 சதவீதம்தான். மற்றவை நுனிக்கு முன்னாலேயே ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. ஐந்தில் இரண்டு என்பது கேனால் கணக்கு, வாசல் கணக்கு இல்லை.

8 பிப்ரவரி, மாலை

அந்தத் தம்பி சரியான இடத்தில் பிடித்துவிட்டார்: "கடைசியில் சேர்ந்துவிடும் என்றால் ஒன்றை அடைத்தாலே வாசல் அடைபட்டதாகிவிடுமே, இரண்டாவதைத் தேடுவானேன்?"

நானும் கொஞ்ச காலம் இப்படித்தான் மனதைத் தேற்றிக்கொண்டேன். தப்பித்துவிடும் பல்லும் உண்டு. இல்லாவிட்டால் இத்தனை வருடத்தில் எங்கள் ஊரில் பாதிப் பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அலைய வேண்டும். ஆனால் அடைப்பு எதுவும் நூறு சதவீதம் ஒழுகாமல் இருப்பதில்லை. விட்டுப்போன கேனாலில் அழுகிய சதை இருந்தால் அது கிருமிக்குச் சாப்பாடு, சந்திப்பில் ஒரு மயிரிழை இடைவெளி போதும். அயித்தைக்கு இரண்டும் சேர்ந்ததா தனித்தனியா என்று மதுரையில் நான் கேட்கவில்லை. வெட்கம்.

ஏன் விட்டுப்போகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அழகு கெடக் கூடாது என்று பல்லின் பின்பக்கம் துளை போடுகிறோம். அங்கிருந்து ஃபைலை விட்டால் அது சாய்ந்து நேரே உதட்டுப் பக்கத்துக் கேனாலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். மற்றது நாக்குப் பக்கம், நாம் துளை போட்ட இடத்துக்கு நேர் கீழே, ஒரு பல் திண்டின் அடியில் ஒளிந்திருக்கும். கதவுக்குப் பின்னால் நிற்கும் பிள்ளையை வீடு முழுக்கத் தேடுகிற கதை. துளையைக் கடிக்கும் விளிம்புப் பக்கமும் ஈறுப் பக்கமும் கொஞ்சம் நீட்டி, அந்தத் திண்டைச் சீவிவிட்டு, 10-ஆம் நம்பர் ஃபைலின் நுனியை லேசாக வளைத்து, நாக்குப் பக்கச் சுவரை உரசிக்கொண்டே மெல்ல இறக்க வேண்டும். 10-ஆம் நம்பர் என்றால் நுனி 0.1 மில்லிமீட்டர். சுவரில் வழுக்கிக்கொண்டு போகும் ஃபைல் ஓர் இடத்தில் லேசாகப் பிடிக்கும், பசை தொட்டது மாதிரி. அழுத்தக் கூடாது. விரலுக்குள் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது போல முன்னும் பின்னும் ஆட்டினால் இறங்கும். அது இறங்கும் அந்த நொடி இருக்கிறதே, முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில் பழைய பூட்டுக்குச் சாவி பொருத்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

12 பிப்ரவரி

தேவகோட்டை அன்பருக்கு: உங்கள் மாமாவுக்கு ஆன்டிபயாடிக் மாத்திரையிலேயே கொப்புளம் போய்விட்டது என்கிறீர்கள், உண்மையாக இருக்கும். திரும்ப வந்ததா என்றும் சொல்லுங்கள். மாத்திரை ரத்தம் வழியாகப் போகிறது, செத்துப்போன கேனாலுக்குள் ரத்த ஓட்டமே கிடையாது. வாசலில் நிற்கிறவர்களை விரட்டும், உள்ளே இருப்பவர்களை ஒன்றும் செய்யாது. கொப்புளம் போனால் நோய் போனதாக அர்த்தமில்லை, வடிகால் அடைத்துக்கொண்டது என்றும் இருக்கலாம்.

ரேட் கேட்டவருக்கு: இங்கே சொல்ல மாட்டேன்.

19 பிப்ரவரி

மலேசியாவிலிருந்து ஓர் ஆச்சி எழுதியிருக்கிறார், அங்கே மைக்ரோஸ்கோப் வைத்துச் செய்தார்களாம், ஒரே உட்காரலில் ஒன்றரை மணி நேரம், "இங்கே நம்ம ஊர்ல அரை மணி நேரத்துல அனுப்பிடுவாகளே" என்கிறார். ஆச்சி, அடி விழுந்த இடம் சரிதான். என்னிடம் மைக்ரோஸ்கோப் இல்லை. லூப்ஸ் என்று கண்ணாடியில் மாட்டும் பெருக்கி இருக்கிறது, அதை வாங்கிய பிறகு முதல் மாதம் என் பழைய வேலைகளைப் பார்த்துத் தூக்கம் போனது.

உருப்பெருக்கி இல்லாதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. துளைக்குள் ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட்) திரவத்தை நிரப்பிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டும். துணி வெளுக்கும் திரவத்தின் தம்பிதான் அது, சதையைக் கரைக்கும். எங்கே மிச்சச் சதை இருக்கிறதோ அங்கிருந்து சோடா பாட்டிலில் கிளம்புவது போலச் சின்னச் சின்னக் குமிழி வரும். அடைத்த கேனாலுக்குப் பின்னாலிருந்து குமிழி வந்தால் ஆள் இருக்கிறார். ஆனால் இதே திரவம் வேர் நுனியைத் தாண்டி எலும்புக்குள் போனால் முகம் பூசணிக்காய் ஆகிவிடும், வலியும் உயிர் போகும். பல்லுக்குள் பல் கேஸில் நுனி அகலமாகத் திறந்திருப்பது சகஜம், அதனால் அங்கே இன்னும் நிதானம் வேண்டும். ரப்பர் டேம், அதாவது வேலை செய்யும் பல்லை மட்டும் வெளியே விட்டு வாயை மறைக்கும் ரப்பர் துணி, மாட்டாமல் இதையெல்லாம் செய்யவே கூடாது. அந்த ரப்பர் துணி 1864-இலிருந்து இருக்கிறது. நானே எல்லாக் கேஸிலும் மாட்ட ஆரம்பித்தது அயித்தைக்குப் பிறகுதான்.

இன்னொன்று, இது யாரோ நேற்று கண்டுபிடித்த விஷயம் இல்லை. நூறு வருடத்துக்கு முன்பே சுவிட்சர்லாந்தில் வால்டர் ஹெஸ் என்பவர் பிடுங்கிய பற்களுக்குள் ரப்பரைச் செலுத்திக் கெட்டியாக்கி, பல்லை அமிலத்தில் கரைத்துவிட்டு, மிஞ்சிய ரப்பர் அச்சைப் பார்த்தார். ஒற்றைக் குழாய் என்று நினைத்த இடத்தில் வேப்பங்குச்சியை மென்று துப்பினது மாதிரி கிளையும் வலையும். வெர்டூச்சி 1984-இல் பிரியும் சேரும் விதத்தை எட்டு வகையாக எழுதினார், மேல் நடுப் பல் மட்டும் பெரும்பாலும் சாதுவாக ஒரே குழாயோடு இருக்கும். எல்லாரும் முன்பல் சுலபம் என்று நினைப்பது அந்த ஒரு பல்லைப் பார்த்துத்தான் என்று எனக்குத் தோன்றும்.

2 மார்ச்

அந்தச் சாதுவும் சும்மா இருக்காது என்று நேற்று ஒரு கேஸ். நாற்பது வயதுக்காரர், சிராவயல் பக்கம். பதினேழு வயதில் மஞ்சுவிரட்டில் மாட்டின் நெற்றி வாயில் பட்டிருக்கிறது. பல் ஆடி, தானாகவே நின்றுவிட்டது. இப்போது 21 மட்டும் பழுப்பு மஞ்சள், பக்கத்துப் பல் வெள்ளை. மகளுக்கு நிச்சயதார்த்தம், போட்டோவில் தெரிகிறது, ரூட் கேனால் பண்ணி வெள்ளையாக்கிக் கொடுங்கள் என்று வந்தார். படம் எடுத்தால் கேனாலே காணோம். அடிபட்ட நரம்பு தன்னைச் சுற்றிச் சுவர் எழுப்பி எழுப்பி அறையையே மூடிவிடும், கேணியைத் தூர்த்த மாதிரி. சுவர் தடித்ததால்தான் மஞ்சள்.

வலி இல்லை, வேர் நுனியில் கறுப்பு நிழல் இல்லை. நான் செய்ய மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இப்படி மூடிக்கொண்ட பல்லில் பின்னாளில் கெட்டுப்போவது சிறுபான்மைதான். இல்லாத கேனாலைத் தேடித் துளைத்தால் உதட்டுப் பக்கம் வேரைப் பொத்துக்கொண்டு வெளியே வந்துவிடலாம், நல்ல பல்லுக்கு நாமே காலனாகலாம். வெளியே மேல்பூச்சு வெளுப்பு செய்து பார்ப்போம், போதாவிட்டால் முன்னால் மெல்லிய ஓடு ஒட்டலாம் என்றேன். அவருக்கு அவ்வளவாகத் திருப்தி இல்லை. "மாடு செஞ்சதைவிட நீங்க செய்றது பயமா இருக்குங்க" என்று சிரித்துக்கொண்டே போனார். வேறு இடத்துக்குப் போயிருப்பாரோ என்று ராத்திரி யோசித்தேன்.

3 மார்ச்

பொரிவிளங்காய் உருண்டையால் பல் உடையுமா என்று கேட்டு நாற்பது பதில் ஓடியிருக்கிறது. உடையும். சீப்புச் சீடையை ஓரத்தில் கடித்தால் உடையாது, முன்பல்லால் கடித்தால்தான். உருண்டையை உலக்கையால் உடைத்துச் சாப்பிடுங்கள். போதும், பல்லுக்கு வருவோம்.

ஒருவர் கேட்டது முக்கியமானது: லேட்டரலில் ரூட் கேனால் ஒழுங்காகச் செய்தும் சீழ் நிற்கவில்லை, மறுபடியும் திறந்து செய்தும் நிற்கவில்லை. கேனாலை விட்டுவிட்டு ஈறைப் பாருங்கள். இதே பல்லின் பின்பக்கத்தில் சிலருக்கு ஒரு வாய்க்கால் இருக்கும், பல் தலையில் ஆரம்பித்து ஈறுக்குள் புகுந்து வேர் வழியாக இறங்கும். மடிப்பு கொஞ்சமாக இருந்தால் வாய்க்கால், அதிகமாக இருந்தால் பை என்று வைத்துக்கொள்ளலாம். அளவுக்குச்சியை ஈறோரமாக நடத்திக்கொண்டே போனால் எல்லா இடத்திலும் இரண்டு மூன்று மில்லிமீட்டர், ஒரே ஒரு புள்ளியில் மட்டும் திடீரென்று எட்டு, ஒன்பது என்று இறங்கும். அப்படி இறங்கினால் சீழின் வழி அதுதான். உள்ளே எத்தனை தடவை கழுவினாலும் பிரயோசனமில்லை. வாய்க்கால் ஆழமாகப் போயிருந்தால் பல் நிலைப்பது சந்தேகம், அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

26 மார்ச்

பள்ளத்தூர் அப்பா ஸ்கேன் படங்களை அனுப்பியிருந்தார், மகள் பெயரை மறைத்துவிட்டு. அவர் அனுமதியோடு எழுதுகிறேன். மூன்றாவது வகை. பை வேரின் நடுவில் இறங்கி, நுனிக்குச் சற்று முன்னால் பக்கவாட்டில் தனி வாசல். உண்மையான கேனால் அதற்கு ஓரமாகப் பிறை நிலா மாதிரி ஒதுங்கிக் கிடக்கிறது. குளிர் வைத்ததும் பிள்ளை கையை ஆட்டி எடுக்கச் சொல்லிவிட்டதாம். நரம்பு உயிரோடு இருக்கிறது.

நான் 4-ஆம் தேதி எழுதியதை நம்பி நேரே எங்காவது ரூட் கேனால் செய்திருந்தால் அந்த நரம்பு போயிருக்கும். 5-ஆம் தேதி காலையில் திருத்தியது நல்லதாகப் போயிற்று.

அங்கே பையை மட்டும் திறந்து, சுத்தம் செய்து, கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்து வைத்து மூடியிருக்கிறார்கள். சில வாரம் கழித்து வாசலில் எம்டிஏ என்ற சிமெண்ட். சிமெண்ட் என்றதும் அவர் பதறிப் போன் செய்தார். பதற வேண்டாம், கட்டடச் சிமெண்ட்டின் சுத்திகரித்த உறவுக்காரர்தான் அது. ஈரத்திலேயே இறுகும், எலும்பு அதோடு ஒத்துப்போகும். 1990-களில் கலிபோர்னியாவில் தொராபிநெஜாத் என்பவர் கொண்டுவந்தது. அதற்கு மேலே மிச்ச இடத்தைக் கட்டா பெர்ச்சா என்ற ரப்பர் மாதிரிப் பொருளால் அடைப்பார்கள்.

அவரிடம் ஒன்று கேட்டேன்: மறுபக்கம், 22-ஐப் பார்த்தார்களா? இது ஜோடியாக வருவது சகஜம். பார்க்கவில்லையாம்.

14 மே

பார்த்தார்கள். 22-இலும் இருக்கிறது, முதல் வகை, இன்னும் ஒன்றும் ஆகவில்லை. குழியின் வாயைச் சுத்தம் செய்து பசை போட்டு அடைத்துவிட்டார்கள், பத்து நிமிட வேலை. பிள்ளையின் தம்பிக்கும் ஒரு எட்டுப் பார்த்துவிடச் சொன்னேன். அவனுக்கு முன்பல் இரண்டுதான் முழுசாக வந்திருக்கிறதாம், லேட்டரல் எட்டிப் பார்க்கிறதாம். வரட்டும், பிறகு பார்க்கலாம்.

சிராவயல்காரர் வந்தார். வெளுப்பு பாதிதான் எடுத்தது. நிச்சயதார்த்த போட்டோவில் வாயை மூடிச் சிரித்துவிட்டாராம்.

10 செப்டம்பர்

பள்ளத்தூரிலிருந்து ஆறு மாதப் படம் வந்தது. கொப்புளம் மார்ச்சிலேயே நின்றுவிட்டது, வேரோரம் இருந்த கறுப்பு நிழல் இப்போது மிளகளவுக்குச் சுருங்கி ஓரத்தில் எலும்பு கட்டியிருக்கிறது. குளிர் வைத்தால் இன்னும் கூசுகிறது. எடுத்துவிடலாம் என்று சொன்ன பல்லில் பிள்ளை கரும்பு கடித்ததாம், அதற்கு அப்பாவிடம் திட்டு வாங்கியதாம். இன்னும் ஆறு மாதம் கழித்து ஒரு படம், அப்புறம் வருடத்துக்கு ஒன்று.

11 செப்டம்பர்

நேற்று ராத்திரி பேத்தி இந்த இழை முழுவதையும் அயித்தைக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். காலை ஆறு மணிக்குப் போன். நான் அயித்தை என்று எழுதியதில் வருத்தமில்லை, ஊறுகாய் ஜாடி வரைக்கும் சரியாம். "எட்டு மாசமாப்பா? ரெண்டு செவ்வாய்த் திருவிழா போச்சு. நீ இன்னமும் கணக்குல கம்மியாத்தான் எழுதற." ஆக, எட்டு மாதம் இல்லை, ஒன்றரை வருடம் என்று திருத்திக்கொள்ளவும்.

அப்புறம், பல் வலது பக்கம் இல்லையாம், இடது பக்கமாம். அதை நான் ஏற்கவில்லை, கிளினிக்குக்கு வந்ததும் 2008 ரிஜிஸ்டரை எடுத்துப் புரட்டினேன். என் கையெழுத்திலேயே 31 என்று இருக்கிறது. மேலே 41 என்று எழுதிய இடத்தில் 31 என்று படித்துக்கொள்ளுங்கள்.